நாக்குக் கட்டு: வெட்ட முன்னும், சூப்பி கொடுக்க முன்னும்



கொஞ்சம் நீண்ட பதிவுதான். வீட்டில் பச்சைப் பிள்ளை இருப்பவர்களும் இருக்கப் போகிறவர்களுமாவது கடைசி வரை வாசியுங்கள். பாலூட்டல் பற்றியெல்லாம் பேஸ்புக்கில் எழுதலாமா என்று வீட்டில் இரண்டு பேரும் பேசி, எழுதத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். நாம் இருவரும் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சொந்தக்கார வீடொன்றுக்குப் பிள்ளை பார்க்கப் போனோம். பிறந்து பதினொரு நாள். ஆண் பிள்ளை, மாஷா அல்லாஹ். நாம் உட்கார்ந்து தேத்தண்ணி வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு மூன்று தீர்ப்பு சொல்லப்பட்டு விட்டது.

"நாக்கு ஒட்டியிருக்கு. இது பேச மாட்டா" என்றார் உம்மும்மா.

சாச்சி போனைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு வீடியோ. "மேலுதட்டுக்குள்ளயும் கட்டு இருக்காம். ரெண்டையும் லேசர்ல எடுக்கணுமாம்."

மாமி இரண்டையும் தள்ளிவிட்டார். "அதெல்லாம் ஒண்டுமில்ல. இவக்குப் பால் இல்ல. பால்மா வாங்கியாச்சு."

மேசையில் புது பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் இருந்தன. உள் அறையில் தாய் அழுதுகொண்டிருந்தார். பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறது என்று அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

இந்தக் காட்சி எமக்குப் புதிதல்ல. எமது மூத்த மகள் பிறந்தபோது நாமும் இதே இடத்தில்தான் நின்றோம். மூன்றாம் நாளே காம்பு வெடித்து இரத்தம் வந்தது. பிள்ளை ஒரு மணி நேரம் மார்பில் கிடக்கும், எடுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி அழும். வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: பால் இல்லை. பன்னிரண்டாம் நாள் இரவு ஒருவர் அழ, மற்றவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பால்மா தேடி ஓடினோம். 84 நாள் லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பும்போது மார்பில் பால் முழுதாக வற்றியிருந்தது. பிள்ளைக்கு நாக்கின் அடியில் கட்டு இருந்ததை அவள் நாலு வயதில் கண்ணாடி முன் நாக்கை நீட்டி விளையாடும்போதுதான் கவனித்தோம். நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. போன வருடம் தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு முதலிடம் எடுத்தாள்.

அதாவது ஊர் பயந்த பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் கவனிக்காத பால்தான் போனது.

இரண்டாவது மகனுக்கும் கட்டு இருந்தது. இது குடும்பத்தில் வரக்கூடியது, ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். இந்த முறை வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், நாம் எல்லோரும் மிட்வைப் மிஸ் என்று சொல்பவர், பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க முதல், "கொடுங்க பாப்பம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துவிட்டு, பிள்ளையைத் திருப்பி வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி வைத்தார். மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டும், பிள்ளை கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும், திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். நாடி மார்பில் பட்டு, கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருந்தால் பிடித்தது சரி. கருவளையம் வெளியே தெரிந்தால் மேல்பக்கம்தான் கூடுதலாகத் தெரிய வேண்டும். இவ்வளவுதான். இரண்டு நாளில் வலி குறைந்தது. அதே மாதிரிக் கட்டு, கத்தரியே படவில்லை, இரண்டு வருடம் குடித்தான்.

மூன்றாவது கதை எமது தம்பியின் மகனுடையது. இங்கே நேர்மாறு. கட்டு நாக்கின் நுனி வரை வந்திருந்தது. அழும்போதும் நாக்கு மேலே எழும்பாது, கீழ் முரசைத் தாண்டி வெளியே வராது. பிடிக்கும் முறையைத் திருத்தியும் தாய்க்கு வலி நிற்கவில்லை. பிள்ளை விட்டபிறகு காம்பு நசுங்கி, தேய்ந்த லிப்ஸ்டிக் நுனி போலச் சரிந்திருந்தது. மூன்று கிழமையாகியும் பிறந்த எடை திரும்பவில்லை. வெட்டி விடலாம் என்று வைத்தியர் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. நாக்கை வெட்டினால் ஊமையாகிவிடும், இரத்தம் நிற்காது என்று பெரியவர்கள் மறித்தார்கள். நாமும் துணிந்து பேசவில்லை, அந்தக் குற்றம் எம்மீதும் இருக்கிறது. இரண்டு கிழமை வீணாகி, ஐந்தாவது கிழமையில்தான் செய்தார்கள். கத்தரி பட்ட நேரத்தை விட சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்ட நேரம் கூட. ஓரிரு துளி இரத்தம். உடனே மார்பில் போட்டார்கள், குடித்தான். பிறகு இரண்டாம் மாத ஊசிக்கு அழுததில் பாதி கூட அன்று அழவில்லை.

மூன்று பிள்ளைகளுக்கும் கட்டு இருந்தது. ஒருவனுக்குத்தான் வெட்டத் தேவைப்பட்டது. நாக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

அந்தக் கட்டு என்பது என்ன? நாக்கின் அடியையும் வாயின் தளத்தையும் இணைக்கும் மெல்லிய சவ்வு. உங்களுக்கும் எமக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணாடி முன் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். அது சிலருக்குக் கட்டையாக, தடித்து, அல்லது நுனிக்கு நெருக்கமாக இருந்து நாக்கின் அசைவைப் பிடித்து வைக்கும்போதுதான் அது நாக்குக் கட்டு. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும், பொதுவாக நூறு பிள்ளைகளில் நாலு முதல் பத்து வரை என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் அக்கடமி 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கட்டு உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாட்டின் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1997இல் அங்கே வைத்தியசாலைப் பதிவுகளில் நாக்குக் கட்டு என்று எழுதப்பட்ட பிறந்த பிள்ளைகள் 3,934 பேர். 2012இல் 32,837 பேர். பதினைந்து வருடத்தில் பிள்ளைகளின் நாக்கு எட்டு மடங்கு மாறியிருக்காது. தாய்ப்பாலுக்குத் திரும்பியவர்கள் கூடியதும், பார்க்கும் கண் கூடியதும், வெட்டும் கை கூடியதும்தான் காரணம். பொஸ்டனில் ஒரு வைத்தியசாலையில், கட்டை வெட்டவென்றே அனுப்பப்பட்ட 115 பிள்ளைகளை முதலில் பேச்சு சிகிச்சையாளரும் வைத்தியரும் சேர்ந்து பால் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். 72 பேருக்கு வெட்டவே தேவைப்படவில்லை. இது 2019இல் வெளியான ஆய்வு.

அதற்காக வெட்டுவதே ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிடாதீர்கள். 2017இல் ஐந்து பரிசோதனைகளை, மொத்தம் 302 பிள்ளைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வில், வெட்டிய பின் தாயின் காம்பு வலி குறைந்தது தெரிந்தது. பிள்ளை குடிப்பது எல்லோருக்கும் திருந்தியது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாயின் வலியைச் சின்ன விஷயமாக எடுப்பவர்கள் ஒரு நாள் அந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். வலியில்தான் பாலூட்டல் நின்று போகிறது.

"பால் இல்லை" என்ற சொல் எப்படி உண்மையாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மார்பு காலியாகும் அளவுக்குத்தான் அடுத்த பால் ஊறும். பிள்ளை சரியாகப் பிடிக்காவிட்டால் மார்பு காலியாகாது, சுரப்பு குறையும். அந்த இடைவெளியில் சூப்பி வந்தால் பிள்ளை மார்பில் இருக்கும் நேரம் இன்னும் குறையும், பாலும் இன்னும் குறையும். கடைசியில் மாமி சொன்னது சரியாகிவிடும். எமது நாட்டில் 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள். இவ்வளவு பேரின் உம்மாமாருக்கு இருந்த பால் எமது வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். எடை உண்மையிலேயே குறைந்து வைத்தியர் மேலதிகப் பால் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் கறந்த தாய்ப்பாலைச் சின்னக் கோப்பையால் கொடுக்கலாம், கிளினிக்கில் காட்டித் தருவார்கள்.

உதட்டுக் கட்டுக்கு வருவோம். இதில் எமக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. கட்டாரில் இருக்கும் எமது உறவினர் ஒருவர், பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில் ஒரு சவ்வு. அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் நாக்கு, உதடு இரண்டுக்கும் சேர்த்து லேசர் என்று அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட விலை சொல்லியிருந்தார்கள். அன்று இரவே குழுவில் இருந்த ஏழு வீடுகளில் பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஏழு வீட்டிலும் அந்தச் சவ்வு இருந்தது! இருக்கத்தானே வேண்டும். பச்சைப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரிவது வழமை, முகம் வளர வளர மேலே ஏறிவிடும். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை நிபுணர்கள் 2020இல் ஒன்றுகூடி எழுதிய அறிக்கையில், கன்னத்துக்குள் 'கட்டு' என்று சொல்லி வெட்டவே கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். உதட்டுச் சவ்வை வெட்டினால் பாலூட்டல் திருந்தும் என்பதில் அவர்களால் ஒரு முடிவுக்கே வர முடியவில்லை. முன் பல்லில் இடைவெளி வரும் என்று பயமுறுத்துவார்கள். பாற்பல்லில் இடைவெளி இருப்பது நல்லது. நிரந்தரப் பற்களின் இடைவெளியும் வேட்டைப் பல் முளைத்து வரும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.

இனி எமது பாடசாலைப் பக்கம்.

தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவராவது பேச்சுத் தெளிவில்லாமல் வருவார். பெற்றாரிடம் கேட்டால் வரும் பதில், "நாக்குக் கட்டு சேர், சின்னதுல வெட்டாம விட்டுட்டம்." நாக்குக் கட்டு பேச்சைத் தாமதிக்காது. சொல்லே வராத பிள்ளைக்கு நாக்கைக் குறை சொல்வது, நடக்காத பிள்ளைக்குச் செருப்பைக் குறை சொல்வது போல. சில பிள்ளைகளுக்கு, நாக்கு நுனி மேலே போய்த் தொட வேண்டிய ல, ர, ற, ட போன்ற ஒலிகளில் மட்டும் கொஞ்சம் தெளிவு குறையலாம். அதிலும் 'ர' பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகுதான் திருந்தும். 'ழ' வராததை நாக்குக் கட்டு என்று எடுத்தால், எமது ஊரில் ஆசிரியர்கள் உட்பட முக்கால்வாசிப் பேரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் எம்மிடம் படித்த ஒரு பிள்ளைக்கு ஐந்து வயதில் மயக்க மருந்து கொடுத்து நாக்கை வெட்டியிருந்தார்கள். பச்சைப் பிள்ளைக்கு மயக்க மருந்தில்லாமல் நொடியில் முடிவது, வளர்ந்தபின் பெரிய வேலையாகிவிடும். வெட்டியும் பேச்சு மாறவில்லை. வகுப்பில் பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். குழப்படி, சொல்வழி கேட்கமாட்டான் என்றுதான் நாமும் முதலில் நினைத்தோம். ஒரு நாள் முகத்தை மறைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிப் பார்த்தோம், அசையவில்லை. காது பரிசோதனைக்கு அனுப்பினோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்டல் குறைந்திருந்தது. அதற்கு வைத்தியம் செய்து, பேச்சு சிகிச்சைக்கும் போன பிறகு ஒரு வருடத்தில் வகுப்பில் கதை சொன்னான். நாக்கின் மேல் பழி போட்டதில் காதுக்கு மூன்று வருடம் தாமதமாகியிருந்தது.

குர்ஆன் மத்ரஸா நடத்தும் உஸ்தாத்மாருக்கும் இதையே சொல்கிறோம். மக்ரஜ் சரியாக வராத பிள்ளையை அடிப்பதால் நாக்கு திரும்பாது. மூஸா அலைஹிஸ்ஸலாம் தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி கேட்ட துஆவைப் பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம். பேச்சில் தடங்கல் இருப்பது குறையோ குற்றமோ அல்ல என்பது அந்த துஆவிலேயே இருக்கிறது. அடிக்க முன் பிள்ளையின் உம்மாவைக் கூப்பிட்டுக் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பிரசவம் முடிந்து முதல் பத்து நாட்களுக்குள் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வருவார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடாமல், அவர் முன்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் காட்டுங்கள். ஆண்கள் அந்த நேரம் வெளியே போய்விடுங்கள், வீடு நிறைய ஆட்கள் இருந்தால் எந்தப் பெண் மார்பைத் திறந்து காட்டுவாள்? ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். இரண்டு கிழமைக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும், அதைக் கிளினிக் கொப்பியில் பாருங்கள். இரண்டும் சரி, தாய்க்கு வலியும் இல்லை என்றால், நாக்கு எந்த வடிவில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். சரியில்லை என்றால் முதலில் பிடிக்கும் முறை. பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, காசு இல்லை. அதற்குப் பிறகும் வலியும் எடையும் திருந்தாவிட்டால் குழந்தை வைத்தியர் பார்த்து வெட்டச் சொன்னால், பயந்து நாள் கடத்தாதீர்கள்.

வெட்ட முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இதை எமது சமூகத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சுன்னத் வைத்தபோதோ பல் பிடுங்கியபோதோ இரத்தம் நிற்காமல் கஷ்டப்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிறந்தவுடன் உயிர்ச்சத்து 'கே' ஊசி போட்டார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பிளேட்டால், நகத்தால் ஒன்றும் செய்யாதீர்கள். நாக்கின் அடியில் உமிழ்நீர்க் குழாயும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. வெட்டிய இடத்தில் சில நாட்களுக்கு வெள்ளைத் திட்டு தெரியும், அது சீழ் அல்ல, புண் ஆறும் அடையாளம். வெட்டிய பின் ஒரு நாளைக்கு இத்தனை தடவை விரலால் நாக்கைத் தூக்கித் தேய்க்க வேண்டும் என்று வீடியோக்களில் சொல்வதை மேலே சொன்ன 2024 அறிக்கை பரிந்துரைக்கவில்லை. பிள்ளைக்கு வலிக்கும், வாயில் எதுவும் பட்டாலே பயப்படும்.

வெள்ளிக்கிழமை பார்த்த பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறோம். அன்றே மிட்வைப் மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துக் கொடுத்தோம், சனிக்கிழமை காலையில் வந்தார். நாக்கில் கட்டு இருக்கிறது, பிள்ளை காம்பை மட்டும் பிடித்துக் குடித்திருக்கிறான் என்றார். பிடிக்கும் முறையைத் திருத்தினார். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது எடை 90 கிராம் கூடியிருந்தது. தாய்க்கு வலது பக்கம் இன்னும் வலி இருக்கிறது, அதனால் வருகிற கிழமை வைத்தியரிடம் காட்டப் போகிறார்கள். வெட்டத் தேவையா இல்லையா என்று அவர் சொல்லட்டும். பால்மா டின்னை மாமி இன்னும் திறக்கவில்லை. கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று எம்மிடம் கேட்டார்.